முதலில் நூற்றில் ஒரு போனுக்கு

ஒரே கடையில், ஒரே நாளில், ஒரே மாடல் போனை அண்ணனும் தம்பியும் வாங்குகிறார்கள். ஒரு வருஷம் கழித்து அந்த மாடலுக்குப் புதிய ஆண்ட்ராய்டு வந்துவிட்டதாகச் செய்தி வருகிறது. தம்பியின் போனில் மறுநாளே அப்டேட் இறங்கிவிடுகிறது. அண்ணன் செட்டிங்ஸைத் திறந்து அப்டேட் இருக்கிறதா என்று பார்க்கிறார். ‘உங்கள் சிஸ்டம் புதிய நிலையில் உள்ளது’ என்று பதில் வருகிறது. காலையில் பார்த்தாலும் அதே பதில், ராத்திரி பார்த்தாலும் அதே பதில். வைஃபையை மாற்றிப் பார்க்கிறார், போனை அணைத்துப் போட்டுப் பார்க்கிறார். கடைசியில், நம் போனில் ஏதோ கோளாறு அல்லது கம்பெனி நம்மை மறந்துவிட்டது என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்.

இரண்டும் இல்லை. அண்ணனுடைய போனின் முறை இன்னும் வரவில்லை. அந்தத் திரை அதை ஒரு வரியில் சொல்லியிருக்கலாம். அப்படிச் செய்யாமல், எல்லாம் சரியாக இருப்பதாகச் சொல்லி அவரைக் குழப்பிவிட்டது. போன் தயாரிப்பாளர்கள் மேல் எனக்கு உள்ள பெரிய மனக்குறைகளில் இது ஒன்று. ஏனென்றால் அந்தக் காத்திருப்புக்குப் பின்னால் இருப்பது நல்ல அறிவியல். மறைக்க வேண்டிய விஷயமே இல்லை.

முறை எப்படித் தீர்மானிக்கப்படுகிறது என்பதிலிருந்து தொடங்கலாம். நாம் கேட்காமலேயே போன் அவ்வப்போது தயாரிப்பாளரின் சர்வரைத் தொடர்புகொள்கிறது. என்ன மாடல், எந்த நாட்டுச் சந்தைக்கானது, இப்போது எந்தப் பதிப்பு ஓடுகிறது, தன் அடையாள எண் என்ன என்பதைச் சொல்லி, தனக்கு ஏதாவது வந்திருக்கிறதா என்று விசாரிக்கிறது. சர்வர் அந்த அடையாள எண்ணையும் அப்டேட்டின் பெயரையும் சேர்த்து ஹேஷிங் எனப்படும் கணக்கில் போடுகிறது. உள்ளே போவதில் ஓர் இலக்கம் மாறினால் வெளியே வரும் எண் அடியோடு மாறிவிடும் என்பது அந்தக் கணக்கின் குணம். ஆனால் அதே போனுக்கு, அதே அப்டேட்டுக்கு, எத்தனை தடவை போட்டாலும் அதே எண்தான் வரும். விடை 0 முதல் 9,999 வரை ஏதோ ஓர் எண் என்று வைத்துக்கொள்வோம். இன்றைய வரம்பு 100. தம்பியின் போனுக்கு 62 வந்தது, அப்டேட் கிடைத்தது. அண்ணனுக்கு 4,317. சில நாள் கழித்து வரம்பை 2,500 ஆக உயர்த்துவார்கள்; அப்போதும் அவருக்குக் கிடைக்காது. 5,000 ஆக உயர்த்தும் அன்றைக்குத்தான் அவருடைய போனில் அறிவிப்பு வரும்.

பொத்தானை நூறு தடவை அழுத்தினாலும் 4,317 என்பது மாறாது. அதே சமயம் அடுத்த அப்டேட்டுக்குப் பெயர் வேறு என்பதால் எண்ணும் வேறாகிவிடும். எப்போதும் முதல் ஆளாக நின்று அடிபடுகிற துரதிர்ஷ்டமும், எப்போதும் கடைசியாக நிற்கிற துரதிர்ஷ்டமும் யாருக்கும் நிரந்தரமாக வாய்க்காது.

நுணுக்கங்கள் கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடும். கூகுளில் ஆண்ட்ராய்டு பொறியாளராக இருந்த டான் மோரில் 2013இல், அப்போதைய நெக்ஸஸ் போன்களுக்கு அப்டேட் எப்படிப் போகிறது என்று வெளிப்படையாக விளக்கினார். முதலில் 1 சதவீதப் போன்களுக்கு. 24 முதல் 48 மணி நேரம் காத்திருந்து பிழை அறிக்கைகளைப் பார்ப்பார்கள். பிறகு 25, 50, 100 சதவீதம் என்று ஓரிரு வாரத்தில் முடிப்பார்கள். ஆப்பிளின் ஆப் ஸ்டோரில் செயலி செய்பவர்கள் படிப்படியான வெளியீட்டைத் தேர்ந்தெடுத்தால், தானியங்கி அப்டேட் வைத்திருப்பவர்களுக்கு ஏழு நாட்களில் 1, 2, 5, 10, 20, 50, 100 சதவீதம் என்று போய்ச் சேரும். நடுவில் சந்தேகம் வந்தால் மொத்தம் 30 நாள் வரை நிறுத்திவைக்கலாம். ஐபோனின் இயங்குதளத்துக்கும் இதேபோல ஒரு வரிசை உண்டு. ஆப்பிளின் மென்பொருள் பிரிவுத் தலைவர் கிரெய்க் ஃபெடெரிகி 2022இல் ஒரு வாடிக்கையாளருக்கு எழுதிய பதிலில், செட்டிங்ஸுக்குப் போய்த் தேடுபவர்களுக்கு முதலில் கொடுத்துவிட்டு, அவர்களிடமிருந்து வரும் தகவலைப் பார்த்து ஒன்று முதல் நான்கு வாரம் கழித்தே தானியங்கி அப்டேட்காரர்களுக்கு விடுவதாகச் சொல்லியிருந்தார். ஆக, அங்கே ஆவலாய்த் தேடி இறக்குகிறவர்கள்தான் முதல் வரிசைச் சோதனையாளர்கள்.

மோரில் அன்று எழுந்து விளக்கம் சொன்னதற்கு ஒரு காரணம் இருந்தது. அப்டேட் சீக்கிரம் வர ஒரு குறுக்குவழி பரவிக்கொண்டிருந்தது: ‘கூகுள் சர்வீசஸ் ஃபிரேம்வொர்க்’ என்ற பகுதியின் தரவை அழித்துவிட்டால் போன் மறுபடி வரிசையில் நிற்குமாம். அதைச் செய்தால் கூகுளுக்கு அந்தப் போனைத் தெரிந்த அடையாள எண்ணே மாறிவிடுகிறது. சர்வர் அதை முழுக்க அழித்துப் புதிதாகத் தொடங்கிய போன் என்று நினைத்துக்கொள்கிறது. செயலிகளுக்கு அறிவிப்பு அனுப்பப் பயன்படும் பழைய முகவரிகள் செல்லாமல் போகின்றன. செயலிகள் காரணம் தெரியாமல் தடுமாறுகின்றன. இன்றும் இந்த யோசனையை யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

சர்வருக்குக் கூட்டம் தாங்காது என்பதால்தான் பிரித்து விடுகிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அதுவும் ஒரு காரணம்தான், ஆனால் சின்னக் காரணம். கோப்புகளை உலகம் முழுக்க விநியோகிக்கும் சர்வர் வலைப்பின்னல்கள் இன்று அந்தச் சுமையைத் தாங்கிவிடும். உண்மையான காரணம் புள்ளியியலில் இருக்கிறது.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். சோறு வெந்ததா என்று பார்க்க அது சரியான முறை, ஏனென்றால் பானை முழுக்க ஒரே சூடு. ஆனால் சோற்றில் கல் இருக்கிறதா என்று தெரிய ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்த்துப் பயனில்லை. மென்பொருள் சோதனைக்கூடத்தில் நடப்பது முதல் வேலை. அப்டேட் மொத்தத்தில் ஓடுகிறதா, கேமரா திறக்கிறதா, அழைப்பு போகிறதா என்பதை நூறு போன்களில் பார்த்தால் தெரிந்துவிடும். அங்கே தப்பிவருவது கல். பத்தாயிரம் போனில் ஒன்றை மட்டும் தாக்குகிற பிழை.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். பத்தாயிரத்தில் ஒரு போனைச் செயலிழக்க வைக்கும் பிழை ஒன்று இருக்கிறது. சோதனைக்கூடத்தில் 100 போன்களில் ஓட்டினால் அது ஒரு தடவையாவது தலைகாட்டும் வாய்ப்பு ஏறத்தாழ 1 சதவீதம்தான். ஆயிரம் போன்களில் ஓட்டினால் 10 சதவீதத்தை நெருங்கும். பத்தாயிரம் போன்களில் ஓட்டினால் கட்டாயம் தெரிந்துவிடும் என்று தோன்றும். கணக்கு 63 சதவீதம் என்கிறது. 95 சதவீத நம்பிக்கை வேண்டுமென்றால் 30,000 போன் வேண்டும். மருத்துவத்தில் அரிய பக்கவிளைவுகளைத் தேடுபவர்கள் இதை ‘மூன்றின் விதி’ என்கிறார்கள்: n பேரிடம் ஒரு பாதிப்பும் தென்படவில்லை என்றால், உண்மையான பாதிப்பு விகிதம் அதிகபட்சம் 3/n ஆக இருக்கலாம் என்று 95 சதவீத நம்பிக்கையோடு சொல்லலாம். நூறு போனில் ஒன்றுமே ஆகவில்லை என்றால், நூற்றுக்கு மூன்று போன் கெட்டுப்போகும் பிழைகூட உள்ளே ஒளிந்திருக்கலாம். சோதனைக்கூடத்தின் எல்லை அவ்வளவுதான்.

30,000 போனைச் சோதனைக்கூடத்தில் யாரும் அடுக்கிவைக்க முடியாது. ஆனால் ஒரு கோடி விற்ற மாடலுக்கு 1 சதவீதம் என்பது ஒரு லட்சம் போன். பத்தாயிரத்தில் ஒன்று என்ற பிழை அங்கே பத்துப் பேரைத் தாக்கும். ஒருவரைக்கூடத் தாக்காமல் தப்பிவிட வாய்ப்பு இல்லை என்றே சொல்லலாம். பிழை பிடிபட்டுவிடும். நிறுத்திவிட்டால் நஷ்டம் பத்துப் போன். ஒரே நாளில் எல்லோருக்கும் விட்டிருந்தால் ஆயிரம் போன்.

பத்துப் பேர் அடிபட்டாலும் அவர்கள் மனிதர்கள்தானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதனால்தான் முதல் கட்டத்தில் மாட்டுகிறவர்களுக்குச் சர்வீஸ் சென்டரில் கேள்வி கேட்காமல், காசு வாங்காமல் சரிசெய்து தர வேண்டும் என்று நினைக்கிறேன். அவர்கள் மற்ற எல்லோருக்காகவும் அடிபட்டவர்கள்.

இந்தப் பிழைகள் ஏன் இவ்வளவு அரிதாக இருக்கின்றன? ஒரு போனை இன்னொரு போனிலிருந்து வேறுபடுத்தும் விஷயங்கள் எண்ணி மாளாதவை. ஓப்பன்சிக்னல் நிறுவனம் 2015இல் கணக்கெடுத்தபோதே 24,093 வகை ஆண்ட்ராய்டு சாதனங்கள் அதன் பார்வையில் பட்டன. ஒரே மாடலுக்குள்ளும் எந்த சிம், நினைவகம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது, முன்பு எந்தப் பதிப்பிலிருந்து வந்தது, என்னென்ன செயலி, எந்த மொழி என்று சேர்க்கைகள் பெருகிக்கொண்டே போகும். பிழை பெரும்பாலும் ஏதோ ஒரு சேர்க்கையில் ஒளிந்திருக்கும்.

இந்திய மொழிகளில் எழுதுகிறவர்களுக்கு இது நன்றாகப் புரியும். 2018 பிப்ரவரியில் ஐஓஎஸ் 11 ஓடிய ஐபோன்களை ஒரு தெலுங்கு எழுத்துக்கூட்டு நிலைகுலைய வைத்தது. ‘ஜ்ஞானம்’ என்று எழுதினால் முதலில் வரும் அந்த ‘ஜ்ஞா’தான். ஜகரம், அதன்மேல் புள்ளியைப் போன்ற குறி, ஞகரம், பிறகு கண்ணுக்குத் தெரியாத ஒரு பிரிப்புக் குறி, கடைசியில் ஆகாரக் குறி – இந்த வரிசையில் குறியீடுகள் வந்தபோது, அவற்றைச் சேர்த்து ஓர் உருவமாகத் திரையில் வரைய வேண்டிய நிரல் தடுமாறி விழுந்தது. அந்த எழுத்துள்ள செய்தியைத் திறந்தால் செயலி மூடிக்கொண்டது. அறிவிப்பாக வந்து மேலே தெரிந்தால் முகப்புத் திரையே முடங்கியது. ஆங்கிலத்தில் மட்டும் எழுதிச் சோதித்த போனில் இது எத்தனை லட்சம் முறை ஓட்டினாலும் தெரிந்திருக்காது. பிப்ரவரி 19 அன்று 11.2.6 பதிப்பில் சரிசெய்தார்கள்.

இதிலிருந்து படிப்படியான வெளியீட்டின் போதாமையும் தெரிகிறது. சில நாட்களுக்குள் வெளிப்படும் பிழையைத்தான் அது பிடிக்கும். வெளியீடு முடிந்து எல்லோர் கைக்கும் போன பிறகு, யாரோ ஒருவர் ஓர் எழுத்தைத் தட்டச்சும்போது விழித்துக்கொள்ளும் பிழையை அது பிடிக்காது.

காத்திருக்கும் அந்த 48 மணி நேரத்தில் பொறியாளர்கள் எதைப் பார்க்கிறார்கள்? செயலிகள் எத்தனை தடவை முறிந்தன, போன் தானாக எத்தனை தடவை மறுதொடக்கம் ஆனது, பேட்டரி எவ்வளவு வேகமாக இறங்கியது போன்ற எண்களை. ஆனால் மிக மோசமான பிழையில் இவற்றில் எதுவுமே வராது. முழுக்கச் செத்துப்போன போன் பிழை அறிக்கை அனுப்பாது. அதனால், நேற்று அப்டேட்டை வாங்கிக்கொண்டு இன்று சர்வரைத் தொடர்புகொள்ளாமல் மௌனமாகிவிட்ட போன்கள் எத்தனை என்றும் எண்ண வேண்டும். வந்த தகவலைப் போலவே வராத தகவலும் முக்கியம்.

அந்த எண்ணிக்கையை வைத்து முடிவெடுப்பதும் லேசு இல்லை. ஒரு லட்சம் போன்களில் சாதாரண நாளிலேயே 20 போன் மௌனமாகிறது என்று ஒரு கணக்குக்காக வைத்துக்கொள்வோம்: தண்ணீரில் விழுந்தது, தொலைந்தது, சார்ஜ் போட மறந்தது. அப்டேட் விட்ட மறுநாள் 30 ஆகிறது. பிழையா, தற்செயலா? சராசரி 20 என்றால் நாளுக்கு நாள் நாலைந்து கூடுவதும் குறைவதும் இயல்பு. பிழையே இல்லாமல் 30 அல்லது அதற்கு மேல் போவது நூறு நாளில் இரண்டு நாள் நடக்கக்கூடியது. சந்தேகப்பட இது போதும், குற்றம் சாட்டப் போதாது. எனவே வரம்பை உயர்த்தாமல் இன்னொரு நாள் பார்ப்பார்கள். அண்ணனுடைய போனுக்கு ஒரு நாள் தள்ளிப்போகிறது.

இன்னொரு சிக்கல்: அப்டேட் விட்ட நாள் தீபாவளி என்றால்? எல்லோரும் வீடியோ எடுத்துக்கொண்டிருப்பார்கள், எல்லோர் பேட்டரியும் இறங்கும். அப்டேட் பெற்ற போன்களை மட்டும் பார்த்தால் புதிய மென்பொருள்தான் பேட்டரியைத் தின்கிறது என்ற தவறான முடிவுக்கு வரலாம். அப்டேட் பெறாத போன்களின் அன்றைய பேட்டரியோடு ஒப்பிட்டால்தான் உண்மை தெரியும். யாருக்குக் கிடைக்கும் என்பது தற்செயலான எண்ணால் தீர்மானிக்கப்பட்டதால், இரு தரப்பிலும் பழைய போன், புதிய போன், நகரம், கிராமம் எல்லாம் ஏறத்தாழ ஒரே விகிதத்தில் இருக்கும். ஒப்பீடு நேர்மையாக அமையும். காத்திருக்கும் அண்ணனுடைய போனும் இப்படி அந்தச் சோதனையில் ஒரு பங்கு வகிக்க முடிகிறது. இதைத் தெரிந்துகொண்டபோது எனக்குக் காத்திருப்பின் எரிச்சல் பாதி குறைந்தது.

வரிசையை மதித்தும் தப்பு நடந்திருக்கிறது, மதிக்காமலும் நடந்திருக்கிறது. 2014 செப்டம்பர் 24 அன்று ஆப்பிள் வெளியிட்ட ஐஓஎஸ் 8.0.1, புத்தம் புதிய ஐபோன் 6, 6 பிளஸ் போன்களில் சிக்னலையும் கைரேகைப் பூட்டையும் முடக்கியது. ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலாவதற்குள் திரும்பப் பெற்றார்கள். பாதிக்கப்பட்டவை 40,000க்கும் குறைவு என்றது ஆப்பிள். விற்பனைக்கு வந்த முதல் வாரக் கடைசியிலேயே ஒரு கோடிக்கு மேல் விற்ற போன்கள் அவை. 2021 தொடக்கத்தில் நம் நாட்டில் நிறையப் பேர் வைத்திருந்த ஷாவ்மி மி ஏ3 போனுக்கு வந்த ஆண்ட்ராய்டு 11 சில போன்களைத் திரை இருண்ட கட்டையாக்கியது. விநியோகத்தை நிறுத்திய கம்பெனி, வாரண்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும் இலவசமாகச் சரிசெய்து தருவதாக அறிவித்தது. அதே ஆண்டின் கடைசியில் கூகுளும் பிக்சல் 6 போனின் டிசம்பர் அப்டேட்டை, அழைப்புகள் அறுந்துபோகின்றன என்ற புகார்களால் நடுவில் நிறுத்தி, அடுத்த ஜனவரிக் கடைசியில் திருத்தம் தருவதாகச் சொன்னது.

வரிசையே இல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை போதும். அன்று பாதிக்கப்பட்டவை போன்கள் இல்லை, விண்டோஸ் கணினிகள். கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் இந்திய நேரம் காலை 9.39க்கு ஒரு சிறு கோப்பை உலகெங்கும் உள்ள தன் வாடிக்கையாளர் கணினிகளுக்கு அனுப்பியது. 10.57க்குத் திரும்பப் பெற்றது. அந்த 78 நிமிடத்தில் விழுந்த கணினிகள் 85 லட்சம் என்று மைக்ரோசாஃப்ட் மதிப்பிட்டது. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். இண்டிகோ ஏறத்தாழ 200 விமானங்களை ரத்து செய்தது.

பிழை எவ்வளவு சிறியது என்று பார்த்தால் வயிறு கலங்கும். அந்தக் கோப்பில் இருந்த விதி 21 தகவல்களை எதிர்பார்த்தது. கணினியில் ஏற்கெனவே இருந்த நிரல் 20 தகவல்களைத்தான் கொடுத்தது. முன்பு அனுப்பிய கோப்புகளில் 21ஆவது இடத்தில் ‘எதுவாகவும் இருக்கலாம்’ என்று இருந்ததால் யாரும் அந்த இடத்தை எட்டிப் பார்க்கவில்லை. அன்று முதல் தடவையாக 21ஆவதைப் பார்க்கச் சொன்னார்கள். நிரல் இல்லாத இடத்தைப் படிக்கப் போய், விண்டோஸையும் இழுத்துக்கொண்டு விழுந்தது. விழுந்த கணினி இணையத்துக்கு வந்து திருத்தத்தை வாங்கிக்கொள்வதற்கு முன் மறுபடி விழுந்ததால், லட்சக்கணக்கான கணினிகளின் முன் ஆள் போய் உட்கார்ந்து அந்தக் கோப்பை அழிக்க வேண்டியிருந்தது.

இத்தனைக்கும் அதே நிறுவனம் தன் முதன்மை நிரலின் புதிய பதிப்புகளை வாடிக்கையாளர்கள் தள்ளிப்போட்டு வாங்கிக்கொள்ள வழி வைத்திருந்தது. இது வெறும் தரவுக் கோப்புதானே என்று இதற்கு மட்டும் அந்த வரிசை இல்லை. அந்த விபத்துக்குப் பிறகு இந்தக் கோப்புகளையும் படிப்படியாக அனுப்பப்போவதாக அறிவித்தது. முதலில் 1 சதவீதத்துக்கு அனுப்பி அரை மணி நேரம் பார்த்திருந்தால் மற்ற 99 பங்கு கணினிகள் அன்று எப்போதும்போல் வேலை செய்திருக்கும்.

போனுக்கு இந்த எச்சரிக்கை இன்னும் அதிகம் தேவை. இணையதளத்தில் பிழை என்றால் பழைய பதிப்பைச் சில நிமிடத்தில் திரும்ப ஏற்றிவிடலாம். போனின் இயங்குதளம் ஒருமுறை மாறி, உள்ளே இருக்கும் தரவெல்லாம் புதிய வடிவத்துக்கு மாறிவிட்டால், பழையதற்குத் திரும்புவது பெரும்பாலும் எல்லாவற்றையும் அழித்தால்தான் முடியும். 2016இல் ஆண்ட்ராய்டு 7 கொண்டுவந்த இரட்டை இட ஏற்பாடு ஓரளவு காப்பாற்றுகிறது. நீங்கள் போனைப் பயன்படுத்திக்கொண்டிருக்கும்போதே புதிய பதிப்பு இரண்டாவது இடத்தில் எழுதப்படும். மறுதொடக்கத்தில் அங்கே தாவும். சில முயற்சிகளுக்குப் பிறகும் எழ முடியாவிட்டால் தானாகப் பழைய இடத்துக்குத் திரும்பிவிடும். ஆனால் எழுந்து நின்றுவிட்டு அழைப்பை மட்டும் அறுக்கிற பிழைக்கு இந்த ஏற்பாடு உதவாது. அதைப் பிடிக்க அந்த முதல் 1 சதவீதம்தான் வேண்டும்.

இதுவரை சொன்னது நாட்கணக்கான காத்திருப்பு. இதை நான் மனதார ஆதரிக்கிறேன். ஆனால் இதன் நிழலில் இன்னொரு காத்திருப்பு ஒளிந்துகொள்கிறது. மாதக்கணக்கில், சில போன்களில் வருஷக்கணக்கில் நீள்வது அது. இரண்டையும் ஒன்றாக நினைத்துப் பொறுத்துக்கொள்கிறவர்களைப் பார்க்கும்போதுதான் கவலையாக இருக்கிறது.

ஆண்ட்ராய்டில் ஒரு பாதுகாப்பு ஓட்டை அடைபட வேண்டுமென்றால், கூகுள் திருத்தம் எழுத வேண்டும், குவால்காம், மீடியாடெக் போன்ற சிப் தயாரிப்பாளர்கள் தங்கள் பகுதியைத் திருத்த வேண்டும், போன் கம்பெனி அதைத் தன் மென்பொருளில் சேர்த்துச் சோதிக்க வேண்டும், சில நாடுகளில் தொலைத்தொடர்பு நிறுவனமும் சம்மதிக்க வேண்டும். 2015 ஜூலையில் ஸ்டேஜ்ஃபிரைட் என்ற ஓட்டை வெளியானது. விஷமமாகச் செய்த ஒரு மல்டிமீடியா செய்தி வந்தாலே போதும், போனுக்குள் நுழைந்துவிடலாம் என்ற நிலை. ஏறத்தாழ 95 கோடிப் போன்கள் ஆபத்தில் இருப்பதாக அதைக் கண்டுபிடித்த ஜிம்பீரியம் நிறுவனம் சொன்னது. அதன் பிறகுதான் அடுத்த மாதத்திலிருந்து கூகுள் மாதாமாதம் பாதுகாப்பு அறிக்கை வெளியிடத் தொடங்கியது. போன் கம்பெனிகளுக்கு அந்த விவரம் குறைந்தது ஒரு மாதம் முன்பே போய்விடுகிறது. ஆகவே ஒரு போனுக்கு அந்தத் திருத்தம் ஆறு மாதம் வரவில்லை என்றால், அதற்கு மேலே சொன்ன புள்ளியியல் காரணமாக முடியாது. அந்த மாடலுக்குப் பொறியாளர்களை ஒதுக்கக் கம்பெனி பணம் செலவிடவில்லை என்பதுதான் காரணம். மலிவு விலைப் போன்கள்தான் இதில் அதிகம் அடிபடுகின்றன. நம்மில் பெரும்பாலோர் வங்கிக் கணக்கை வைத்திருப்பதும் அந்தப் போன்களில்தான்.

காத்திருக்கும் ஒவ்வொரு வாரமும் ஆபத்து கூடும் என்பதையும் சொல்ல வேண்டும். திருத்தம் வெளியான மறுகணமே, பழைய நிரலையும் புதியதையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு, ஓட்டை எங்கே இருந்தது என்று கெட்டவர்களும் கண்டுபிடிக்கலாம். 2017 மார்ச் 14 அன்று மைக்ரோசாஃப்ட் அடைத்த ஓட்டையைத்தான் மே 12 அன்று வான்னாகிரை வைரஸ் பயன்படுத்தியது. இரண்டு மாதம் அப்டேட் போடாமல் இருந்த கணினிகள் மாட்டிக்கொண்டன. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளும் அவற்றில் அடக்கம்.

திரையில் காட்டும் தேதியைக்கூட முழுதாக நம்ப முடியாத காலம் ஒன்று இருந்தது. 2018இல் ஜெர்மனியின் செக்யூரிட்டி ரிசர்ச் லேப்ஸ் ஆய்வாளர்கள் 1,200 போன்களின் மென்பொருளைப் பிரித்துப் பார்த்தார்கள். சில கம்பெனிகள் பாதுகாப்புத் தேதியை மட்டும் மாற்றிவிட்டு, அந்தத் தேதிக்குள் அடைத்திருக்க வேண்டிய ஓட்டைகளில் சிலவற்றை அடைக்காமலே விட்டிருந்தது தெரிந்தது. அவசரத்துக்கும் ஒரு விலை உண்டு என்பது வேறு விஷயம். 2023 ஜூலையில் ஆப்பிள் அவசரமாக அனுப்பிய ஒரு பாதுகாப்புத் திருத்தத்தால் சில இணையதளங்கள் சஃபாரியில் சரியாகத் திறக்கவில்லை. பதிப்பு எண்ணின் கடைசியில் அடைப்புக்குறிக்குள் ஓர் எழுத்து சேர்ந்ததை அந்தத் தளங்களால் புரிந்துகொள்ள முடியவில்லை. திரும்பப் பெற்று, இரண்டு நாளில் சரியான திருத்தத்தை விட்டார்கள். ஓட்டை ஏற்கெனவே தாக்குதலில் பயன்பட்டுக்கொண்டிருந்ததால் அந்த அவசரம் சரியானது என்றே நான் நினைக்கிறேன். எந்தத் திருத்தத்துக்கு ஏழு நாள் காத்திருக்கலாம், எதற்கு ஏழு மணி நேரமே அதிகம் என்று எடைபோடுவதில்தான் ஒரு கம்பெனியின் தரம் தெரிகிறது.

நிலைமை மெல்ல மாறுகிறது. 2023 அக்டோபரில் வந்த பிக்சல் 8 போனுக்குக் கூகுளும், 2024 ஜனவரியில் வந்த கேலக்ஸி எஸ்24க்குச் சாம்சங்கும் ஏழு ஆண்டு அப்டேட் தருவதாக உறுதி கொடுத்தன. இரண்டும் விலை உயர்ந்த போன்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் நடைமுறைக்கு வந்த விதிகள், ஒரு மாடலைச் சந்தையில் விடுவதை நிறுத்திய பிறகும் குறைந்தது ஐந்து ஆண்டுகள் இயங்குதள அப்டேட் கிடைக்க வேண்டும் என்கின்றன. விலையைப் பார்க்காமல் எல்லாப் போன்களுக்கும் இப்படி ஒரு விதி நம் நாட்டிலும் வேண்டும். கூடவே, ‘அப்டேட் வெளியாகிவிட்டது, இப்போது 25 சதவீதப் போன்களுக்குப் போயிருக்கிறது, உங்கள் முறை இன்னும் வரவில்லை’ என்று திரையில் உண்மையைச் சொல்லவும் கம்பெனிகள் பழக வேண்டும். இந்த எண் அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது.

உங்கள் போனில் இன்றே ஒன்றைப் பாருங்கள். செட்டிங்ஸில் போனைப் பற்றிய விவரங்கள் இருக்கும் பகுதிக்குள் போனால் ஆண்ட்ராய்டு பதிப்பின் அருகே பாதுகாப்பு அப்டேட்டின் தேதி இருக்கும். அது போன மாதத்துத் தேதியோ, இரண்டு மூன்று மாதத்துக்கு உட்பட்டதோ என்றால் நிம்மதியாகக் காத்திருங்கள். புகைப்படங்களுக்கு ஒரு நகல் எடுத்துவைத்து, நினைவகத்தில் கொஞ்சம் இடம் காலிசெய்து வையுங்கள். அப்டேட் என்ற பெயரில் குறுஞ்செய்தியிலோ வாட்ஸப்பிலோ வரும் எந்தக் கோப்பையும் தொடாதீர்கள். தேதி ஒரு வருஷத்துக்கும் முந்தையது என்றால் அந்தப் போனில் வங்கிச் செயலியையும் யூபிஐயையும் வைத்திருப்பதை மறுபரிசீலனை செய்யுங்கள். அடுத்த போன் வாங்கும்போது, கேமரா எத்தனை மெகாபிக்சல் என்று கேட்பதற்கு முன், பாதுகாப்பு அப்டேட் எத்தனை ஆண்டு வரும், மாதம் ஒருமுறையா மூன்று மாதத்துக்கு ஒருமுறையா என்று கடைக்காரரிடம் கேளுங்கள். அவருக்குத் தெரியாவிட்டால் தயாரிப்பாளரின் இணையதளத்தில் அந்த மாடலைத் தேடுங்கள். அங்கேயும் எழுதியிருக்காத போனை வாங்காதீர்கள்.